கடைமடை வேறு மாநிலமானபோது: நெய்யாறு இடதுகரைக் கால்வாயின் கதை

இரு பங்காளிகள் ஒரு வீட்டைப் பிரித்துக்கொள்ளும்போது, பாகபத்திரம் எழுதுபவர் சில வரிகளை மறவாமல் சேர்ப்பார். கிணறு யார் பங்கில் விழுந்தாலும் மற்றவருக்கு அதில் தண்ணீர் எடுக்கும் பாத்தியம் உண்டு. நடைவழி இருவருக்கும் பொது. நடுச்சுவர் இருவருக்கும் பொது. பழைய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இதே சிக்கல் வேறு உருவில் வருகிறது. அங்கே வீட்டுக்கு ஒரு வால்வு இருப்பதில்லை. ஒரு வீட்டின் குழாயில் பழுது பார்க்க வேண்டுமானால், எல்லா வீடுகளுக்கும் செல்லும் முதன்மை வால்வையே மூட வேண்டும். அதற்கு எழுதப்படாத முறை ஒன்று உண்டு: மூடுவதற்கு முன் சொல்ல வேண்டும், எவ்வளவு நேரம் என்று சொல்ல வேண்டும், வேலை முடிந்ததும் திறக்க வேண்டும். இம்மூன்றும் இருக்கும்வரை மூடுதல் பராமரிப்பாகும். திறத்தல் நிகழாதபோது, வால்வு யாருடையது என்ற வினா எழுகிறது.

நெய்யாற்றின்கரை, பாறசாலை, விளவங்கோடு ஆகிய பகுதிகளின் அண்மைக்கால வரலாற்றில் இந்த வினா ஒரு கட்டடத்தின் அளவில் நில்லாமல் இரு மாநிலங்களின் அளவில் எழுந்தது. நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாய் ஒரே அரசின் கீழ்த் திட்டமிடப்பட்டது. அது கட்டி முடிவதற்குள் அரசு இரண்டாயிற்று. தலைமடை கேரளத்திலும் கடைமடை தமிழ்நாட்டிலும் நின்றன. 2004 முதல் கடைமடைக்கு நீர் வரவில்லை. மொழிவழி மாநிலப் பிரிவினையைப் படிக்கும் மாணவர்கள் மக்கள்தொகைக் கணக்கையும் போராட்டங்களையும் ஆணைய அறிக்கைகளையும் படிக்கிறார்கள். தரைக்குள்ளும் தரைமேலும் ஏற்கனவே போடப்பட்டிருந்த நீர்வழிகள் அப்பிரிவினையில் என்ன ஆயின என்பது குறைவாகவே பேசப்படுகிறது. நெய்யாறு அதற்குத் தெளிவான சான்று.

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலை நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை, இஞ்சிவிளை வழியாகக் களியக்காவிளையை அடைகிறது. இஞ்சிவிளைக்கும் களியக்காவிளைக்கும் இடையில் கடைப்பலகைகளின் மொழி மாறுகிறது, நிலம் மாறுவதில்லை. சிறு குன்றுகளும் அவற்றின் இடையே தாழ்ந்த வயல்களும் இருபுறமும் ஒன்றுபோலவே தொடர்கின்றன. அவ்வயல்வெளிகளுக்கு இருபுறமும் ஏலா என்றே பெயர். ஊர்ப்பெயர்களின் ஈற்றில் வரும் விளை, கோடு ஆகியவையும் எல்லையைப் பொருட்படுத்துவதில்லை. பெண் கொடுத்தும் எடுத்தும் வாழ்ந்த குடும்பங்களும், இரு மொழியையும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசும் வழக்கமும் எல்லைக்குப் பின்னரும் நீடித்தன. இந்நிலப்பரப்பை ஒரே பாசனப் பகுதியாகக் கருதியதில் அன்றைய பொறியாளர்களுக்கு எவ்விதத் தயக்கமும் இருந்திருக்க முடியாது.

நெய்யாறு அகத்தியமலைப் பகுதியில் தோன்றி, சுமார் 56 கிலோமீட்டர் ஓடி, பூவார் அருகே அரபிக்கடலில் கலக்கிறது. நீளத்தில் சிறிய ஆறு. மழை பெய்யும் மாதங்களில் பெருகி, கோடையில் ஒடுங்குவது. இத்தகைய ஆற்றைப் பாசனத்துக்குப் பயன்படுத்த வேண்டுமானால் மலையடியில் நீரைத் தேக்கியாக வேண்டும். திருவிதாங்கூருக்கு இதில் முன்னனுபவம் உண்டு. மூலம் திருநாள் காலத்தில் தொடங்கி 1906-இல் நிறைவடைந்த பேச்சிப்பாறை அணை, கோதையாற்று நீரை நாஞ்சில்நாட்டு வயல்களுக்குக் கொண்டுசேர்த்தது. 1950களின் தொடக்கத்தில் பெருஞ்சாணி அணையும் அதனுடன் இணைந்தது. குழித்துறை ஆற்றுக்கு மேற்கே, நெய்யாறு வரை கிடந்த மேட்டுப்பாங்கான நிலத்துக்கு இவற்றைவிட நெய்யாறே அருகிலிருந்த நீர். 1949-இல் உருவான திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம் 1951-இல் நெய்யாறு பாசனத் திட்டத்தைத் தொடங்கியது. அணை கள்ளிக்காட்டில் எழுந்தது. அணையிலிருந்து வலதுகரை, இடதுகரை என இரு கால்வாய்கள் வகுக்கப்பட்டன. இடதுகரைக் கால்வாய் ஆற்றுக்குத் தெற்கே பாறசாலை வட்டாரத்துக்கு நீர் தந்து, அங்கிருந்து விளவங்கோடு தாலுகாவுக்குள் நுழைய வேண்டும் என்பது திட்டம். விளவங்கோட்டில் அதன் ஆயக்கட்டு 9,200 ஏக்கர்.

திட்டம் தொடங்கிய அதே ஆண்டுகளில் இந்நிலத்தின் அரசியல் வேறு திசையில் நகர்ந்துகொண்டிருந்தது. மார்ஷல் நேசமணியின் தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், தமிழர் பெரும்பான்மையாக வாழும் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்துடன் இணைக்கக் கோரியது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவற்றோடு தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரை முதலிய பகுதிகளும் அக்கோரிக்கையில் இடம்பெற்றன. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது, உயிர்கள் பலியாயின. 1955 செப்டம்பரில் அறிக்கை அளித்த மாநிலச் சீரமைப்பு ஆணையம் தென்திருவிதாங்கூரின் நான்கு தாலுகாக்களையும் செங்கோட்டையையும் சென்னை மாநிலத்துக்குப் பரிந்துரைத்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது.

இங்கே ஆணையம் கையாண்ட அலகைக் கவனிக்க வேண்டும். அது தாலுகாவை அலகாகக் கொண்டு, ஒவ்வொரு தாலுகாவிலும் எம்மொழி பேசுவோர் மிகுதி என்று பார்த்தது. மொழியைக் கணக்கிட அது ஏற்ற அலகாக இருக்கலாம். நீரைக் கணக்கிட அது ஏற்றதன்று. கால்வாய் நிலத்தின் சரிவைப் பின்பற்றிச் செல்வது. அதற்குத் தாலுகா எல்லை தெரியாது. விளவங்கோட்டுக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே கோடு விழுந்தபோது, அது கட்டப்பட்டுக்கொண்டிருந்த ஒரு நீர்வழியின் குறுக்கேயும் விழுந்தது. அணையும் தலைமதகும் அன்றைய நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் இருந்தன. 2014 முதல் அப்பகுதி காட்டாக்கடைத் தாலுகாவில் அடங்குகிறது. பங்கு பிரிந்த வீட்டில் முதன்மை வால்வு மேல்வீட்டில் நின்றுவிட்டதைப் போன்ற நிலை அது.

பாகபத்திரத்தில் கிணற்றைப் பற்றி ஒன்றும் எழுதப்படவில்லை என்ற எண்ணம் பொதுவாக நிலவுகிறது. அது முழுமையான உண்மையன்று. நாடாளுமன்றம் 1956 ஆகஸ்டின் இறுதியில் சில நாள் இடைவெளியில் இரு சட்டங்களைப் பெற்றெடுத்தது: ஆகஸ்ட் 28-இல் மாநிலங்களுக்கிடையேயான நதிநீர்த் தகராறுச் சட்டம், ஆகஸ்ட் 31-இல் மாநிலச் சீரமைப்புச் சட்டம். கோடு போட்டால் நீரில் தகராறு வரும் என்பதைச் சட்டம் இயற்றியோர் அறிந்தே இருந்தனர். சீரமைப்புச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு பாசன, மின் திட்டங்களைப் பற்றியது. அதன் முதல் உட்பிரிவு, பிரிவினைக்கு முன்பே மாநிலங்களிடையே இருந்த உடன்பாடுகள் தொடரும் என்கிறது. இரண்டாம் உட்பிரிவு இன்னும் நுட்பமானது. பிரிவினை நாளுக்கு முன் கையிலெடுக்கப்பட்டு முடிவடையாமல் இருந்த திட்டங்களின் பரப்பையோ அவற்றின் பயன் பகிர்வையோ, வாரிசு மாநிலங்கள் தமக்குள் உடன்பட்டாலன்றி மாற்றலாகாது என்பதும், உடன்பாடு எட்டாவிட்டால் மைய அரசின் ஆணைப்படியே மாற்றலாம் என்பதும் அதன் சாரம்.

1951-இல் தொடங்கி, 1950களின் இறுதியில் அணை நிறைவடைந்த நெய்யாறு திட்டத்தின் நிலை இந்த இரண்டாம் உட்பிரிவின் சொற்களோடு நெருங்கிப் பொருந்துகிறது. ஆனால் சட்டம் பொதுவாகவே பேசியது. இன்ன மதகில், இன்ன மாதத்தில், இவ்வளவு நீர் என்று சொல்லும் தனி உடன்படிக்கை ஒன்றே அந்தப் பொதுவிதிக்கு உயிர் தந்திருக்கும். மற்ற நீர்வழிகளோடு ஒப்பிட்டால் இந்த இடைவெளி விளங்கும். முல்லைப்பெரியாறு அணைக்கு 1886-இல் எழுதப்பட்ட 999 ஆண்டுக் குத்தகைப் பத்திரம் உண்டு. பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்துக்கு 1970 மே மாதத்தில் கையெழுத்தான உடன்படிக்கை, 1958 நவம்பர் முதல் பின்தேதியிட்டு நடைமுறைக்கு வந்தது. இவ்விரண்டிலும் வழக்குகளும் மனக்கசப்புகளும் இல்லாமல் இல்லை. எனினும் வழக்காடுவதற்கு ஒரு தாள் இருக்கிறது. முல்லைப்பெரியாற்றில் தொடக்கத்திலேயே இரு வேறு அரசுகள் எதிரெதிரே அமர்ந்ததால் பத்திரம் தேவைப்பட்டது. நெய்யாறு ஒரே அரசின் வேலை. தன் வயலுக்குத் தானே நீர் விட எந்த அரசும் தன்னோடு பத்திரம் எழுதிக்கொள்வதில்லை. அன்றைய ஒற்றுமையே பின்னாளில் சான்றின்மையாக மாறியது.

பத்திரம் இல்லாமலேயே நீர் வந்தது என்பது இவ்வரலாற்றின் மற்றொரு பாதி. 1960களிலிருந்து 2004 வரை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், கேரளத்தின் பொதுப்பணியாளர்கள் கால்வாயைத் திறந்தனர். எல்லைக்கு இப்பால் தமிழ்நாட்டுப் பொதுப்பணியாளர்கள் நீரைப் பகிர்ந்தனர். எல்லையோர மக்கள் கால்வாயைச் சானல் என்பர். அதன் கரையில் எழுந்த குடியிருப்புகள் சானல்கரை என்றே அழைக்கப்பட்டன. இம்மாவட்டத்தின் வேளாண் ஆண்டு கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு நெற்பருவங்களால் ஆனது. கோதையாற்றுப் பாசனத்தில் ஜூன் முதல் நாள் அணை திறந்து பிப்ரவரி இறுதியில் மூடுவது நெடுங்கால வழக்கம். இடைப்பட்ட கோடை மாதங்கள் கால்வாய்க்குரியவை: வண்டல் வாருதல், கரை உடைப்பைச் சீர்செய்தல், ஷட்டர்களுக்கு எண்ணெயிடுதல், கசிவுகளை அடைத்தல். ஆண்டுதோறும் நீர் நிற்பது உழவருக்கு அச்சம் தரும் செய்தியன்று. நிற்பதே மீண்டும் வருவதற்கான ஆயத்தம்.

2004-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விளவங்கோட்டுக்கு நீர் நின்றபோது, அது கும்பப்பூ முடியும் காலமாகவும் இருந்தது. அப்பருவத்தில் ஷட்டர் இறங்குவதை எவரும் வியப்போடு பார்த்திருக்க மாட்டார்கள். வியப்பும் அச்சமும் மழைக்காலம் வந்தும் நீர் வராதபோதே தொடங்கியிருக்கும். வழக்கமான மூடுதலுக்கும் நிலையான மூடுதலுக்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடு இல்லை. ஒரே இரும்புக் கதவு, ஒரே திருகு. வேறுபாடு நாட்காட்டியில் மட்டுமே தெரிகிறது.

நீரை நிறுத்தியதற்குக் கேரள அரசு முன்வைத்த அடிப்படை வாதம், நெய்யாறு மாநிலங்களுக்கிடையேயான ஆறு அன்று என்பது. அதற்கு முந்தைய ஆண்டான 2003-இல் கேரளம் பாசனம், நீர்ப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கான சட்டத்தை இயற்றியிருந்தது. பிற மாநிலங்களுக்கு நீர் வழங்குவதைக் கட்டுப்படுத்தும் விதியும் அதில் இருந்தது. தமிழ்நாட்டின் வாதம் ஆற்றைவிடத் திட்டத்தை அடிப்படையாகக் கொண்டது: விளவங்கோட்டின் 9,200 ஏக்கரும் பிரிவினைக்கு முன்னரே ஒன்றுபட்ட மாநிலம் வகுத்த ஆயக்கட்டு, பிரிவினை அதை அழிக்கவில்லை. கடிதங்களும் பேச்சுகளும் பயனளிக்காத நிலையில் தமிழ்நாடு 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது.

இங்கே சட்டம் பயிலும் மாணவர் நின்று பார்க்க வேண்டிய முடிச்சு ஒன்று உண்டு. அரசியலமைப்பின் 131-ஆம் உறுப்பு மாநிலங்களுக்கிடையேயான வழக்கை நேரடியாக உச்ச நீதிமன்றம் விசாரிக்க வழி செய்கிறது. 262-ஆம் உறுப்பும் 1956-இன் நதிநீர்த் தகராறுச் சட்டமும், மாநிலங்களுக்கிடையேயான ஆற்றின் நீர்ப்பகிர்வை நீதிமன்றங்களின் வரம்புக்கு வெளியே, தீர்ப்பாயத்தின் முன் வைக்கின்றன. நெய்யாறு அத்தகைய ஆறு என்றால் வழி தீர்ப்பாயம். அத்தகைய ஆறு அன்று என்றால் வழி நீதிமன்றம். ஆனால் அங்கே உரிமை ஆற்றின் இயற்கையிலிருந்து பிறக்காது, திட்டத்தின் வரலாற்றிலிருந்தே பிறக்க வேண்டும். ஆற்றின் வகையைப் பற்றிய ஒரு சொல், வாசலையும் தீர்மானிக்கிறது, வாதத்தையும் தீர்மானிக்கிறது. ஓர் ஆறு எல்லையைக் கடக்கிறதா என்று கேட்கும் சட்டமொழியில், ஒரு கால்வாய் எல்லையைக் கடக்கிறதே என்ற எளிய உண்மைக்கு உரிய இடம் இல்லை. ஆறு இயற்கை, கால்வாய் மனிதன் செய்த வாக்குறுதி. இரண்டையும் ஒரே அளவுகோலால் அளப்பதில்தான் நெய்யாறு வழக்கின் இடர்ப்பாடு இருக்கிறது.

மேல்வீட்டின் பக்கத்தையும் நடுநிலையோடு எழுத வேண்டும். அணையைக் காப்பதும் தலைப்பகுதிக் கால்வாயைச் செப்பனிடுவதும் கேரளத்தின் பொறுப்பு. பாறசாலை வட்டாரமும் அக்கால்வாயின் நீரை எதிர்நோக்கும் பகுதியே. தலைமடையில் எடுத்தது போகக் கடைமடைக்கு எஞ்சுவது எவ்வளவு என்பது மாநில எல்லை இல்லாத இடங்களிலும் ஓயாத பூசல். நீரின் தேவையும் மாறிவிட்டது. 2017-இன் கோடை வறட்சியில் திருவனந்தபுரம் நகருக்கான குடிநீர் குறைந்தபோது, நெய்யாறு நீர்த்தேக்கத்திலிருந்து நீரை இறைத்து அருவிக்கரைக்குக் கொண்டுசென்றனர். நெல்லுக்காகக் கட்டிய அணை தலைநகரின் தாகத்துக்கும் பதில் சொல்ல வேண்டிய நிலை வந்தது. 1951-இன் திட்டத்தில் நகரத்துக்கு இத்தகைய இடம் இருந்திருக்காது. திட்டங்கள் மாறலாம். மாறும்போது யாரைக் கேட்டு மாற்றுவது என்பதே 108-ஆம் பிரிவு எழுப்பிய வினா.

கீழ்வீட்டிலும் காலம் நிற்கவில்லை. சென்னை மாநிலம் தன் பங்கில் கிடைத்த நீரைக்கொண்டு புதிய வழிகளைக் கட்டியது. 1960களில் உருவான சிற்றாறு பட்டணங்கால் திட்டமும், பரளியாற்றுக்கு மேலே உயர்ந்து நிற்கும் மாத்தூர் தொட்டிப்பாலமும் கல்குளத்துக்கும் விளவங்கோட்டுக்கும் நீர் சேர்க்கும் முயற்சிகள். ஒரு குன்றிலிருந்து மறு குன்றுக்கு நீரைத் தூக்கிச் செல்லும் அப்பாலத்தை இன்று காண வருவோர் அதன் உயரத்தை வியக்கின்றனர். எல்லை விழுந்தபின் தன் வீட்டுக்குத் தானே குழாய் போட்டுக்கொண்ட ஒரு மாநிலத்தின் கைவேலையாகவும் அதைப் பார்க்கலாம். எனினும் பளுகல், களியக்காவிளை, கொல்லங்கோடு போன்ற மேற்கெல்லை ஊர்களை எல்லாக் குழாயும் எட்டிவிடவில்லை. இதற்கிடையே விளவங்கோட்டின் ஏலாக்கள் சுருங்கின. ரப்பரும் வாழையும் தென்னையும் வீட்டுமனைகளும் நெல்லின் இடத்தைப் பிடித்தன. எல்லைக்கு அப்பாலும் இதே மாற்றம் நிகழ்ந்தது. நெல் குறைந்ததால் நீர் வேண்டாம் என்றும் வாதிடலாம். நீர் நின்றதால் நெல் குறைந்தது என்றும் வாதிடலாம். இரண்டிலும் பாதி உண்மை உண்டு. நெல் இல்லாத நிலத்திலும் கால்வாய் நீர் குளத்தை நிரப்புகிறது. குளம் கிணற்றை நிரப்புகிறது. கால்வாயின் பயனை ஏக்கர் கணக்கில் மட்டும் அளந்த பழைய ஆவணங்கள் இந்த மறைமுக நீரை எண்ணவில்லை.

நீர் ஓடாத கால்வாய்க்கு நேர்வது பொறியியல் மாணவர் அறிந்ததே. கரையில் வேர் இறங்குகிறது. காங்கிரீட் பூச்சு வெயிலில் வெடிக்கிறது. கிளை வாய்க்கால்கள் நடைபாதையாகவும் குப்பைக் குழியாகவும் மாறுகின்றன. குழாய் பழுது பார்ப்பவருக்குத் தெரிந்த ஓர் உண்மை இங்கும் பொருந்தும்: நீர் இல்லாத குழாயில் எங்கே கசிவு என்று கண்டுபிடிக்க முடியாது. கடைமடைக் கால்வாயைச் சீர்செய்ய வேண்டுமானால் அதில் நீர் ஓட வேண்டும்; நீர் ஓட வேண்டுமானால் கால்வாய் சீராக இருக்க வேண்டும். பழுது பார்ப்பதற்காகச் சில நாள் மூடுவது கால்வாயின் ஆயுளை நீட்டுகிறது. திறக்காமல் மூடிவைப்பது அதே கால்வாயை ஆண்டுக்காண்டு அழிக்கிறது. அழிந்தபின், அங்கே கால்வாய் எங்கே இருக்கிறது என்று கேட்பதும் எளிதாகிவிடும். உரிமையின் கடைசிச் சான்று நிலத்தில் வெட்டப்பட்ட அந்தப் பள்ளமே. அது தூர்ந்துபோவதும் ஆவணம் ஒன்று தொலைந்துபோவதும் ஒன்றுதான்.

நெய்யாற்றின்கரையும் தமிழ்நாட்டுடன் இணைந்திருந்தால் இச்சிக்கல் எழுந்திராது என்று எண்ணுவோர் உண்டு. அவ்வாறு இணைந்திருந்தால் அணையின் திருகு தமிழ்நாட்டின் கையில் இருந்திருக்கும். எல்லை வடக்கே நகர்ந்து வேறு ஒரு நீர்வழியை வெட்டியிருக்கும். அப்போது கடைமடையில் நின்று கேட்பவர் மலையாளத்தில் கேட்டிருப்பார். எந்தக் கோட்டைப் போட்டாலும் அது ஏதோ ஒரு வாய்க்காலின் குறுக்கே விழும் நிலம் இது. குற்றம் கோடு விழுந்த இடத்தில் இல்லை. கோடு போட்ட கை, குறுக்கே செல்லும் வாய்க்காலுக்கு ஒரு வரி எழுதாமல் மேசையை விட்டு எழுந்ததில் இருக்கிறது.

1956-ஐ இன்று இரு மாநிலங்களும் நவம்பர் முதல் நாளில் நினைவுகூர்கின்றன. ஒருபுறம் கேரளப் பிறவி நாள். மறுபுறம் குமரி தாய்த்தமிழகத்துடன் இணைந்த நாள். இரண்டும் நியாயமான கொண்டாட்டங்கள். அக்கொண்டாட்டத்துக்கு அப்பால் இன்னும் எழுதி முடிக்கப்படாத ஒரு பாகபத்திரம் இருக்கிறது. அதில் சேர வேண்டியது நீண்ட தத்துவமன்று. எந்தப் பழைய கட்டடத்திலும் அண்டைவீட்டார் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் மூன்று செய்திகளே: எப்போது மூடுகிறோம், எதற்காக மூடுகிறோம், எப்போது திறப்போம். நாற்பது ஆண்டுகள் இம்மூன்றையும் தாள் இல்லாமலேயே கடைப்பிடித்த வட்டாரம் இது. அதைத் தாளில் எழுதிவைப்பது மட்டுமே பாக்கி.